துண்டுத் துணிப் போர்வை: கோளாறு எங்கே, சரிசெய்வது எப்படி

மீந்த துணிகளை ஒட்டிப் போர்வை தைக்கும்போது ஏதாவது கோணினால் பலரும் முதலில் தையல் மெஷினைத்தான் குற்றம் சொல்கிறார்கள். நூலின் இறுக்கத்தை மாற்றும் டென்ஷனைத் திருகுகிறார்கள், ஊசியை மாற்றுகிறார்கள், அப்போதும் கோணல் போவதில்லை. இந்த வேலையில் ஒரு துண்டு சட்டையிலிருந்து வந்திருக்கும். இன்னொன்று பல வருடம் துவைத்துத் தேய்ந்த படுக்கை விரிப்பு. மூன்றாவது இன்னும் தண்ணீரே படாத பிட்டுத் துணி. ஒவ்வொன்றுக்கும் நெசவு வேறு, தேய்மானம் வேறு, சுருங்கும் அளவும் வேறு. அதனால் கோளாறு கண்ணில் படும் இடத்திலேயே காரணத்தைத் தேடாமல் ஒரு படி பின்னால் போய்ப் பாருங்கள். தைக்கும்போது தெரிவது பெரும்பாலும் வெட்டும்போது உண்டானது. துவைத்த பிறகு தெரிவது, தைப்பதற்கு முன்பே துணியில் இருந்தது.

கீழே உங்கள் அறிகுறி எதுவோ அதற்கு நேராகப் போகலாம். தையலைப் பிரிக்கும் ஊசியை மட்டும் அவசரப்பட்டு எடுக்க வேண்டாம். பழைய துணியில் ஒருமுறை பிரித்து மறுபடி தைத்தாலே ஓரம் பலம் இழந்துவிடும். பிரிக்காமல் சரிசெய்ய வழி இருக்கிறதா என்று முதலில் பார்ப்பதே நல்லது. பெரும்பாலும் இருக்கிறது.

கட்டங்கள் ஒரே அளவில் வரவில்லை

துண்டுகளை ஒரே அளவில் வெட்டியும், தைத்து முடித்த கட்டங்களில் ஒன்று பெரிதாகவும் ஒன்று சிறிதாகவும் நிற்கிறதா? அளவுகோலுக்கு முன் அயர்னை எடுங்கள். சரியாகத் தேய்க்காத கட்டத்தில் தையலை ஒட்டி ஒரு சின்ன மடிப்பு ஒளிந்திருக்கும். ஒவ்வொரு தையலிலும் அப்படி ஒளிந்தால் மொத்தக் கட்டமும் குறுகித் தெரியும். நல்ல பக்கத்தை மேலே வைத்துத் தையல் கோட்டின் மேல் அயர்னை அழுத்துங்கள், தூக்குங்கள், அடுத்த இடத்தில் வையுங்கள். உடை தேய்ப்பதுபோல் முன்னும் பின்னும் இழுத்தால் துணி நீண்டு, இருந்த கோணல் இன்னும் கூடும்.

தேய்த்த பின்னும் வித்தியாசம் இருந்தால், தையலுக்கு வெளியே விடும் பிடிப்புத் துணியைச் சோதிக்க வேண்டும். ஒட்டு வேலைக்கு வழக்கமான பிடிப்பு கால் இன்ச், அதாவது 6 மில்லிமீட்டருக்குச் சற்று மேல். 1½ இன்ச் அகலத்தில் மூன்று பட்டைகள் வெட்டி, பக்கவாட்டில் ஒன்றோடொன்று தைத்துத் தேய்த்து, நடுப்பட்டையை அளந்து பாருங்கள். சரியாக 1 இன்ச் இருக்க வேண்டும். குறைந்தால் பிடிப்பு அதிகமாகப் போகிறது. கூடினால் பிடிப்பு போதவில்லை.

1 மில்லிமீட்டர் பிசகு பெரிய விஷயமா என்று தோன்றலாம். ஒரு தையலில் இரண்டு துண்டுகள் சேர்கின்றன. ஆகவே பிடிப்பில் 1 மில்லிமீட்டர் கூடினால் 2 மில்லிமீட்டர் துணி உள்ளே போகிறது. ஒரு கட்டத்தின் அகலத்தில் ஆறு தையல் இருந்தால் 12 மில்லிமீட்டர், கிட்டத்தட்ட அரை இன்ச் காணாமல் போய்விடும். பக்கத்துக் கட்டத்தில் இரண்டே தையல் என்றால் அங்கே குறைவது 4 மில்லிமீட்டர்தான். துண்டுத் துணி வேலையில் கட்டத்துக்குக் கட்டம் தையல் எண்ணிக்கை மாறுவதால் இந்தப் பிசகு உடனே வெளியே தெரிகிறது.

இதற்குத் தீர்வு எளிது. ஊசி இறங்கும் புள்ளியிலிருந்து கால் இன்ச் வலப்பக்கம் அளந்து, மெஷின் தட்டின் மேல் தடிமனான டேப்பைப் பல அடுக்காக ஒட்டி ஒரு சின்னத் தடுப்பு செய்துகொள்ளுங்கள். துணியின் ஓரம் அதில் உரசியபடி போனால் பிடிப்பு மாறாது. அடிநூல் இருக்கும் பாபினின் மூடியையும், துணியை நகர்த்தும் பல்லையும் மறைக்காமல் ஒட்ட வேண்டும்.

ஏற்கெனவே தைத்து முடித்த கட்டங்கள் என்றால் பிரிக்க வேண்டாம். வித்தியாசம் கால் இன்ச்சுக்குள் இருந்தால், எல்லாவற்றையும் இருப்பதில் சிறியதன் அளவுக்கு வெட்டிவிடலாம். அதற்கு மேல் போனால், ஒவ்வொரு கட்டத்தைச் சுற்றியும் ஒரே நிறத்தில் தாராளமான பட்டை வைத்துத் தைத்து, பிறகு எல்லாவற்றையும் ஒரே அளவில் நறுக்குங்கள். எனக்கு இரண்டாவது வழிதான் பிடிக்கும். அளவும் சரியாகிறது, சம்பந்தமில்லாத துணிகளுக்கு நடுவே ஒரு பொதுச் சட்டமும் கிடைக்கிறது.

மூலைகள் ஒன்றோடொன்று சந்திக்கவில்லை

இரண்டு வரிசைகளைச் சேர்க்கும்போது மேல் வரிசையின் பிடிப்பு ஒரு பக்கமும் கீழ் வரிசையின் பிடிப்பு எதிர்ப்பக்கமும் சாய்ந்திருக்கும்படி தேய்த்துவிடுங்கள். விரலால் நகர்த்தினால் இரண்டு தடிப்புகளும் ஒன்றுக்கொன்று முட்டி நிற்கும். அங்கே ஒரு குண்டூசி குத்தி, பக்கத்தில் வரும்போது எடுத்துவிட்டுத் தைத்தால் போதும். ஒரு நூலளவு விலகல் துவைத்த போர்வையில் யார் கண்ணுக்கும் தெரியாது. அதற்காகப் பிரிக்க வேண்டாம்.

ஓரம் அலை அலையாக நிற்கிறது, அல்லது நடுவில் மேடு தட்டுகிறது

இவை இரண்டும் ஒன்றல்ல. ஓரம் அலையாடினால் ஓரத்தில் துணி அதிகம். நடுவில் மேடு தட்டினால் ஓரத்தில் துணி போதவில்லை.

அலைக்குக் காரணம் பெரும்பாலும் க்ராஸ், அதாவது துணியின் சாய்வுத் திசை. நெசவில் பாவு நூல், அதாவது நீளவாட்டு நூல், போகும் திசையில் துணி மிகக் குறைவாகத்தான் நீளும். குறுக்கே போகும் ஊடைத் திசையில் கொஞ்சம் நீளும். இரண்டுக்கும் சாய்வாக இழுத்தால் ரப்பர்போல் நீளும். தையல் வேலையில் மிஞ்சும் துண்டுகள், அதுவும் கழுத்துக்கும் கைக்குழிக்கும் வெட்டியதில் விழும் துண்டுகள், பெரும்பாலும் இந்தச் சாய்வு ஓரங்களோடுதான் வரும். வெட்டுமுன் ஒவ்வொரு துண்டையும் இரண்டு கையாலும் மெல்ல இழுத்துப் பாருங்கள். எந்தத் திசையில் அதிகம் நீள்கிறதோ அந்தத் திசை கட்டத்தின் வெளி ஓரமாக வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். உள்ளே வந்தால் பாதகமில்லை, அக்கம்பக்கத் துண்டுகள் அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

சாய்வு ஓரங்களைத் தவிர்க்கவே முடியாதபோது இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, வெட்டுமுன் துணிக்கு நல்ல கஞ்சி போட்டுத் தேய்ப்பது. விறைத்த துணி தையலில் இழுபடாது, பிறகு துவைத்தால் கஞ்சி போய்விடும். இரண்டாவது, அடித்தளம் வைத்துத் தைப்பது. கட்டத்தின் அளவுக்கு ஒரு தாளையோ மெல்லிய பழைய பருத்தித் துணியையோ வெட்டி, அதன்மேல் துண்டுகளை ஒவ்வொன்றாக வைத்துத் தைத்துத் திருப்பி, கடைசியில் அடித்தளத்தின் ஓரத்தை ஒட்டி நறுக்க வேண்டும். எந்தத் துண்டு எந்தச் சாய்வில் இருந்தாலும் அடித்தளம் நீளவிடாது. விரலகலப் பட்டைகளும் கோணல்மாணல் துண்டுகளும் நிறைய வைத்திருப்பவர்களுக்கு இதைவிட நிம்மதியான முறை எனக்குத் தெரிந்து இல்லை. தாளில் தைத்தால் தையல் நீளத்தை 1.5 மில்லிமீட்டருக்குக் குறையுங்கள். துளைகள் நெருங்கி விழுந்தால்தான் தாள் தையலை இழுக்காமல் கிழிந்து வரும். துணியில் தைத்தால் அது உள்ளேயே தங்கிவிடும், கனமும் கூடும். பஞ்சு வைக்காமல் தைக்கும் மெல்லிய போர்வைக்கு அது நல்லதுதான்.

முக்கோணங்கள் சேர்ந்த சதுரங்களில் இந்தத் தொல்லை அதிகம். தைத்து முடித்த போர்வையில் 4 இன்ச் சதுரம் வேண்டுமென்றால், 5 இன்ச் சதுரங்கள் இரண்டை முகத்தோடு முகம் வைத்து மூலைக்கு மூலை கோடு போட்டு, கோட்டின் இரு பக்கமும் கால் இன்ச் தள்ளித் தைத்து, அப்புறம் கோட்டில் வெட்டுங்கள். கிடைக்கும் இரண்டு சதுரங்களையும் தேய்த்து 4½ இன்ச்சுக்கு நறுக்குங்கள். சாய்வு ஓரத்தை வெட்டுவதற்கு முன்பே தையல் பிடித்துவிடுவதால் அது நீள வழியில்லை.

போர்வையின் வெளிப்பட்டி மட்டும் அலையாடினால் காரணம் வேறு. நீளப் பட்டியை ஒரு முனையில் தொடங்கித் தைத்துக்கொண்டே போய், மீதியைக் கடைசியில் வெட்டும் பழக்கம்தான் அது. போர்வையை இடப்பக்கம், நடு, வலப்பக்கம் என மூன்று இடத்தில் அளந்து சராசரி எடுங்கள். 60, 60½, 61 இன்ச் என்று வந்தால் பட்டி 60½ இன்ச். முதலில் வெட்டிவிட்டு, பட்டியின் நடுவையும் இரு முனைகளையும் போர்வையோடு ஊசி குத்திப் பிணைத்து, மீதியைச் சமமாகப் பகிர்ந்து தையுங்கள். தைத்துவிட்ட பட்டி என்றால், இது பிரித்துத் தைக்க வேண்டிய இடம்தான்.

நடுவில் மேடு தட்டுவது, வெளிப்பட்டையை இழுத்துப் பிடித்துத் தைத்ததாலோ குட்டையாக வெட்டியதாலோ வருவது. நீராவி அயர்னை மேட்டின்மேல் அழுத்தி, ஆறும்வரை கனமான புத்தகம் வைத்தால் சிறிய மேடு அடங்கும். அடங்காத மேட்டுக்குக் கடைசிப் பட்டையை மாற்ற வேண்டும்.

தையல் ஓரத்தில் விட்டுப்போகிறது

விட்டுப்போன இடத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். மூன்றில் ஒன்றாக இருக்கும், மூன்றுக்கும் மருந்து வேறு.

நூல் அறுந்திருந்தால் நூல் பழையது, அல்லது தையல் நீளம் அதிகம். பல வருடம் டப்பாவில் கிடந்த பருத்தி நூலை விரலில் சுற்றிச் சுண்டிப் பாருங்கள். எளிதில் அறுந்தால் அதை நிரந்தரத் தையலுக்கு வைக்காதீர்கள். தையல் நீளம் 2 முதல் 2.5 மில்லிமீட்டர் போதும்.

நூலும் துணியும் முழுதாக இருக்க, துணி மட்டும் தையலிலிருந்து நழுவி வெளியே வந்திருந்தால் பிடிப்பு போதவில்லை. இழை பிரியும் துணிகளுக்கு, அதாவது தளர்ந்த நெசவுக்கும் வழுக்கும் பட்டு, செயற்கைப் பட்டுக்கும், கால் இன்ச் போதாது. 1 சென்டிமீட்டர் விடுங்கள், தையலை 2 மில்லிமீட்டராகக் குறையுங்கள், முடிந்தால் ஓரத்துக்கு ஓவர்லாக் அல்லது ஜிக்ஜாக் அடியுங்கள். ஏற்கெனவே நழுவிய இடத்தில், உள்பக்கத்தில் ஒரு மெல்லிய பட்டை வைத்துச் சேர்த்துத் தைத்தால் பிடித்துக்கொள்ளும்.

துணியே கிழிந்திருந்தால் அது தேய்ந்த துணி. இதைத்தான் முன்கூட்டியே கண்டுபிடிக்க வேண்டும். துண்டை ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். ஓரிடம் மட்டும் சல்லடைபோல் வெளிச்சத்தை விட்டால் அந்த இடத்தை வெட்டி எறியுங்கள். பிறகு கட்டைவிரல்கள் இரண்டையும் பக்கத்தில் வைத்து இரு பக்கமும் அழுத்தமாக இழுங்கள். சின்னதாக ஒரு நெரிவுச் சத்தம் கேட்டாலும் அது போர்வைக்கு ஆகாது. படுக்கை விரிப்பில் நடுப்பகுதி தேய்ந்திருக்கும், ஓரங்கள் நன்றாக இருக்கும். சட்டையில் காலரும் முழங்கையும் போயிருக்கும், முதுகும் கீழ்ப்பகுதியும் பலமாக இருக்கும். சேலையில் இடுப்பில் சொருகிய பக்கத்தையும் தரையில் உரசிய ஓரத்தையும் இரண்டு முறை சோதியுங்கள்.

பிரியமானவர் உடுத்திய துணி, தேய்ந்திருந்தாலும் வைத்தே ஆக வேண்டும் என்றால் வையுங்கள். பின்பக்கம் அயர்ன் பண்ணி ஒட்டும் ஃபியூசிங் ஒன்றைக் கொடுத்து, சின்னத் துண்டாக, போர்வையின் நடுவில் வையுங்கள். விளிம்பில் வைத்தால் இழுத்துப் போர்த்தும் ஒவ்வொரு முறையும் அதன்மேல்தான் இழுவை விழும்.

முடிந்த போர்வையில் கிழிந்த துண்டை எடுக்காமல், அதைவிடச் சற்றுப் பெரிய துண்டை ஓரம் மடித்துத் தேய்த்து மேலே வைத்துக் கைத்தையலில் பொருத்துங்கள். ஒட்டுத் துணிப் போர்வையில் ஒட்டு தெரிந்தால் என்ன குறை?

இன்னொரு காரணமும் உண்டு. கெட்டியான ஜீன்ஸையும் வாயில் (voile) என்னும் மெல்லிய துணியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், இழுவை முழுவதும் மெல்லியதன்மேல் விழுந்து அது கிழியும். துண்டுகளை நிறத்தால் பிரிப்பதற்கு முன் கனத்தால் பிரியுங்கள். கெட்டித் துணிகளுக்குத் தனிப் போர்வை. பனியன் துணிபோல் இழுபடும் பின்னல் துணியை ஃபியூசிங் கொடுக்காமல் நெசவுத் துணியோடு சேர்க்காதீர்கள்.

அயர்ன் பட்டதும் சுருங்கியது, பளபளத்தது

அது பருத்தி இல்லை. சந்தேகமான துணியில் சில இழைகளை உருவி, இடுக்கியில் பிடித்து, உலோகத் தட்டின் மேல் கொளுத்திப் பாருங்கள். பக்கத்தில் தண்ணீர் இருக்கட்டும். காகிதம் எரியும் வாசனையும் உதிரும் மெல்லிய சாம்பலும் வந்தால் பருத்தி போன்ற தாவர இழை. முடி பொசுங்கும் வாசனை வந்தால் பட்டு அல்லது கம்பளி. உருகிக் கெட்டியான மணியாக நின்றால் பாலியஸ்டர் போன்ற செயற்கை இழை. கலப்புத் துணியில் இரண்டும் கலந்து தெரியும். செயற்கை இழை கலந்திருந்தால் சூட்டைக் குறைத்து, மேலே ஒரு பருத்தித் துணி போட்டுத் தேய்க்க வேண்டும்.

எல்லாம் கலங்கிப்போய்த் தெரிகிறது

தையலில் ஒரு குறையும் இல்லை, ஆனாலும் தூரத்திலிருந்து பார்த்தால் வடிவமே தெரியவில்லை. பலரும் இதை நிறப் பொருத்தத்தின் குறை என்று நினைத்து, பொருந்தாத நிறங்களைத் தேடி நீக்கப் பார்க்கிறார்கள். பிரச்சினை நிறத்தில் இல்லை, வெளுப்பு கருப்பில் இருக்கிறது. சிவப்பும் பச்சையும் எதிரெதிர் நிறங்கள்தான், ஆனால் இரண்டும் ஒரே அளவு அடர்த்தியாக இருந்தால் எட்ட நின்று பார்க்கும்போது ஒன்றாகக் கரைந்துவிடும்.

துண்டுகளைத் தரையில் பரப்பிப் போனில் படமெடுத்து, படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கிப் பாருங்கள். எங்கே எல்லைக்கோடு மறைகிறதோ அங்கே அடர்த்தி ஒன்றுபோல் இருக்கிறது. துண்டுகளை வெளிர், நடுத்தரம், அடர்த்தி என மூன்று குவியலாகப் பிரித்தால் பெரும்பாலானவர்களிடம் நடுக்குவியல்தான் மலையாக இருக்கும். நாம் உடுத்தும் துணிகள் அப்படி. வெளிர்க் குவியலை வேண்டுமென்றே பெருக்க வேண்டும். பழைய வெள்ளை விரிப்பும், பூப்போட்ட துணியின் வெளுத்த பின்பக்கமும் இதற்கு உதவும். நல்ல பக்கம் என்று துணியில் எழுதியா இருக்கிறது?

கட்டங்களைத் தைத்தாகிவிட்டது என்றால், அவற்றுக்கு நடுவே ஒரே வெளிர் நிறத்தில் 1½ முதல் 2 இன்ச் பட்டைகளை ஓடவிடுங்கள். நெரிசலுக்குள் கண்ணுக்கு இடம் கிடைக்கும்.

அடுக்குகளைச் சேர்க்கும்போது பின்பக்கம் சுருக்கம் விழுகிறது

மேல்துணி, பஞ்சு ஷீட், அடித்துணி மூன்றையும் சேர்த்துத் தைக்கும்போது, மெஷினின் பல் அடித்துணியை முன்னே தள்ள, ஊசிக்குப் பக்கத்தில் துணியை அழுத்தும் பாதமான ஃபுட் மேல்துணியை அழுத்திப் பின்னே நிறுத்துகிறது. அடுக்குகள் நகர்ந்துகொண்டால் சுருக்கம் விழும். மேலும் கீழும் ஒன்றாகத் துணியை நகர்த்தும் வாக்கிங் ஃபுட் இருந்தால் பாதித் தொல்லை தீரும். மீதிப் பாதி, நீங்கள் அடுக்கும் விதத்தில் இருக்கிறது.

அடித்துணியை ஒவ்வொரு பக்கமும் 3 இன்ச்சாவது கூடுதலாக வெட்டுங்கள். கெட்ட பக்கம் மேலே தெரியும்படி தரையில் விரித்து, ஓரங்களை டேப் போட்டு ஒட்டுங்கள். சுருக்கம் இல்லாத அளவுக்கு இறுக்கினால் போதும். ரப்பர்போல் இழுத்து ஒட்டினால் டேப்பை எடுத்ததும் துணி பழைய நிலைக்குத் திரும்பி, நீங்கள் தவிர்க்க நினைத்த சுருக்கமே வரும். அதன்மேல் பஞ்சு, அதன்மேல் மேல்துணி. நடுவிலிருந்து வெளியே நீவிவிட்டு, கைமுட்டி அளவு இடைவெளியில், அதாவது சுமார் 10 சென்டிமீட்டருக்கு ஒன்று, சேஃப்டி பின் குத்துங்கள். அல்லது நீளமான நூலோட்டம் போடுங்கள். தையலையும் நடுவில் தொடங்கி ஓரம் நோக்கிக் கொண்டுபோங்கள். ஓரத்தில் தொடங்கினால் உபரித் துணி நடுவில் மாட்டிக்கொள்ளும்.

விழுந்த சுருக்கம் சின்னதாக இருந்தால் விட்டுவிடலாம், துவைத்தபின் போர்வை முழுவதும் மெல்லச் சுருங்கும்போது அது கலந்துவிடும். துணி மடிந்தே தைபட்டிருந்தால் அந்த ஒரு சாணைப் பிரித்து, நீவி, மறுபடி தையுங்கள்.

தையல் தாண்டுகிறது, நூல் திரளுகிறது

இப்போதுதான் மெஷினின் முறை. தையல் தாண்டினால் புது ஊசி போடுங்கள். சாதாரண ஒட்டுக்கு 11 அல்லது 12ஆம் நம்பர், மூன்று அடுக்குக்கு 14, ஜீன்ஸ் போன்றவற்றுக்கு 16. அடிப்பக்கம் நூல் கூடு கட்டினால் அடி நூலைக் குறை சொல்லாதீர்கள், பெரும்பாலும் மேல்நூல்தான் டென்ஷன் தட்டுக்குள் சரியாக உட்காராமல் இருக்கும். ஃபுட்டைத் தூக்கிவைத்து மேல்நூலை முதலிலிருந்து கோத்துப் பாருங்கள். பாபின் நூல் மேலே புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் மேல் டென்ஷன் அதிகம், சற்றுத் தளர்த்துங்கள். தையல்கள் குவியும் மூலையில் ஃபுட் நின்றுவிட்டால் கையால் சக்கரத்தைச் சுற்றி மெல்லக் கடத்துங்கள். மெஷின் ஓடியபடி துணியைப் பின்னாலிருந்து இழுத்தால் ஊசி வளைந்து முறியும்.

துவைத்ததும் சாயம் ஒட்டிக்கொண்டது

அடர் சிவப்பும் நீலமும் கறுப்பும் சந்தேகத்துக்குரியவை. தைப்பதற்கு முன்பே, துணியின் மூலையை நனைத்து மேலே வெள்ளைத் துணி வைத்து அயர்ன் அழுத்திப் பாருங்கள். கறை ஒட்டினால் தண்ணீர் தெளியும்வரை தனியாகத் துவையுங்கள். தெளியவே இல்லையென்றால் அந்தத் துண்டை விட்டுவிடுங்கள். சாயம் ஏற்றி முடித்த பருத்தியில் உப்போ வினிகரோ போட்டு நிறத்தைக் கட்டிவிட முடியாது.

கறை ஏற்கெனவே பரவியிருந்தால் இரண்டு விஷயம் முக்கியம்: போர்வையைக் காய விடாதீர்கள், அயர்ன் வைக்காதீர்கள். பருத்திப் போர்வை என்றால் பெரிய தொட்டியில் போர்வை தாராளமாக முங்கும் அளவு சுடுதண்ணீர் நிரப்பி, சோப்புத்தூள் கரைத்து, மடிப்பில்லாமல் முழுதாக அமிழ்த்தி, பல மணி நேரம் ஊறவிடுங்கள். தண்ணீர் நிறைய இருந்தால் கழன்ற சாயம் தண்ணீரிலேயே மிதக்கும், திரும்பத் துணியில் உட்காராது. தண்ணீர் நிறம் மாறினால் புதுத் தண்ணீரில் மறுபடியும் ஊறவையுங்கள். பட்டோ கம்பளியோ கலந்த போர்வைக்கு இந்தச் சூடு ஆகாது, குளிர்ந்த நீரில் திரும்பத் திரும்ப அலசுவதுதான் வழி.

பஞ்சு தையல் துளை வழியாக எட்டிப் பார்க்கிறது

ஊசி பெரிது, அல்லது மேல்துணியின் நெசவு தளர்ச்சி. வெளியே வந்த இழையைப் பிடித்து இழுக்காதீர்கள், பின்னாலேயே இன்னும் வரும். துணியோடு ஒட்டக் கத்தரித்துவிட்டு, துணியை லேசாகத் தூக்கி மீதியை உள்ளே அனுப்புங்கள். அடர் நிறத் துணிகள் நிறைய இருந்தால் அடுத்த முறை கறுப்புப் பஞ்சு ஷீட் வாங்கிப் பாருங்கள்.

துவைத்தபின் சில கட்டங்கள் மட்டும் சுருங்கின

முழுப் போர்வையும் சேர்ந்து சுருங்குவது இயல்பு. பருத்திப் பஞ்சு ஷீட் 3 முதல் 5 சதவீதம் வரை சுருங்கலாம், 60 இன்ச் போர்வைக்கு அது 2 முதல் 3 இன்ச். பாலியஸ்டர் பஞ்சு ஏறக்குறையச் சுருங்காது. ஓரிரு கட்டங்கள் மட்டும் சுருங்கினால் அவை தண்ணீர் காணாத புதுத்துணி. ஈரமாக இருக்கும்போதே போர்வையைத் தட்டையாகப் பரப்பி, அந்தக் கட்டங்களைக் கையால் நீவி இழுத்து, அப்படியே உலரவிடுங்கள். கொஞ்சம் தேறும். புதிதாகச் சேரும் ஒவ்வொரு துண்டையும் டப்பாவில் போடுவதற்கு முன்பே துவைத்துக் காயவைத்துவிட்டால், எது துவைத்தது எது துவைக்காதது என்று பிறகு பிரித்துப் பார்க்கும் வேலையே இருக்காது.